படகின் பின்புறச் செலுத்தியில் திருப்புத் தளர்ச்சி: குறையை ஆராயும் முறை

மலைநாட்டு வீதிகளில் ஊர்தி செலுத்துவோர் நன்கறிந்த சொல் ஒன்றுண்டு. ஸ்டியரிங்கில் ‘பிளே’ கூடிவிட்டது என்பர். கையிலுள்ள வளையத்தைச் சிறிது திருப்பிய பின்னரும் முன்சில்லுகள் உடனே திரும்பாது வாளாவிருக்கும் அந்தத் தளர்ச்சியையே அச்சொல் குறிக்கின்றது. இரத்தோட்டையிலிருந்து ரிவஸ்டன் மலைச்சாரலை நோக்கி ஏறி, அப்பால் இலுக்கும்புறவுக்கும் லக்கல பல்லேகமவுக்கும் இறங்கிச் செல்லும் வீதியைப் போன்ற வளைவு மிக்க வழியில் அத்தளர்ச்சியின் பொருள் யாது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஒரு விரற்கடைப் பிழைக்கும் அங்கு இடமில்லை.

இதே குறை நீரிற் செல்லும் படகுகளுக்கும் உண்டு என்பதும், அதனை ஆராயும் முறை மிகவும் ஒழுங்குபட்டது என்பதும் மலைநாட்டாரிற் பலர் எண்ணிப் பாராதவை. ஆயினும், மாத்தளை மாவட்டம் இன்று நீர்வளத்தால் வேறுபட்டதொரு தோற்றம் பெற்றுள்ளது. 1976-ஆம் ஆண்டில் பொல்கொல்லையிலிருந்து மகாவலியின் நீர் சுரங்கவழியாகச் சுதுகங்கைக்குத் திருப்பப்பட்டது. 2018-ஆம் ஆண்டில் அம்பன் கங்கையை மறித்தெழுந்த மொறகஹகந்த நீர்த்தேக்கமும், நக்கிள்ஸ் மலைத்தொடரின் நீரை ஏற்கும் களுகங்கை நீர்த்தேக்கமும் பயனுக்கு வந்தன. அவற்றில் மீன்பிடிப்போர் இன்றும் பெரும்பாலும் துடுப்பு வள்ளங்களையே செலுத்துகின்றனர். எனினும் பெருநீர்ப்பரப்பு உள்ளவிடத்தில் இயந்திரப் படகைப் பற்றிய அறிவும் வேண்டற்பாலதே. அவ்வகையில், இயந்திரப் படகுகளுள் அமைப்பால் நுட்பமான ஒன்றின் திருப்புறுப்புகள் தேய்வதையும், அத்தேய்வைக் கண்டறியும் வகையையும் இக்கட்டுரை விளக்குகின்றது.

பின்புறச் செலுத்தி என்பது யாது?

படகைத் திருப்பும் முறைகள் மூன்று. முதலாவது, தொன்றுதொட்டு வரும் சுக்கான். இயந்திரம் படகின் உள்ளேயிருந்து சுழல்விசிறியை இயக்க, விசிறி பின்னோக்கித் தள்ளும் நீரைச் சுக்கான் தகடு ஒரு பக்கமாக ஒதுக்கிப் படகைத் திருப்புகின்றது. 1950-களின் பிற்பகுதியில் இலங்கைக் கரையோரத்தில் அறிமுகமான மூன்றரைத் தொன் மீன்பிடிப் படகுகள் இவ்வகையின. இரண்டாவது, வெளிப்பொறி. இயந்திரமும் விசிறியும் ஒருசேரப் பின்பலகையிலே தொங்க, பொறி முழுவதுமே இடமும் வலமும் திரும்புகின்றது. கண்ணாடியிழைப் படகுகளில் இன்று பெருவழக்கில் உள்ளது இதுவே.

மூன்றாவது, இவ்விரண்டையும் இணைத்தெழுந்த பின்புறச் செலுத்தி. ஆங்கிலத்தில் இதனை ‘ஸ்டேர்ன் டிரைவ்’ என வழங்குவர். இயந்திரம் படகினுள்ளே பின்பலகையை ஒட்டி நிற்கும். விசிறியைத் தாங்கிய கூறு மட்டும் பலகைக்கு வெளியே தொங்கும். அமெரிக்கராகிய ஜிம் வின், சார்ள்ஸ் ஸ்ட்ராங் என்போரின் கருத்திலிருந்து உருவாகி, சுவீடன் நாட்டு வொல்வோ பென்ரா நிறுவனத்தால் ‘அக்குவாமற்றிக்’ என்னும் பெயருடன் 1959-ஆம் ஆண்டில் இது வெளியிடப்பட்டது. 1961-ஆம் ஆண்டில் ‘மேர்க்குறூசர்’ என்னும் மற்றொரு வகை வெளிவந்தது. உல்லாசப் படகுகளிலும் விரைவுப் படகுகளிலும் இம்முறை உலகெங்கும் பரவிற்று.

இதன் திருப்பலில் ஒரு தனித்தன்மை உண்டு. சுக்கான், ஓடும் நீரை ஒதுக்கித் திருப்புகின்றது. பின்புறச் செலுத்தியோ உந்துவிசையின் திசையையே மாற்றித் திருப்புகின்றது. ஆகவே இயந்திரம் உந்தும்போது படகு விரைந்து கட்டுப்படும். உந்துதல் நின்றவுடன் கட்டுப்பாடு பெரிதும் குன்றிவிடும். ஆபத்துக் கண்டு அஞ்சியவன் இயந்திரத்தின் வேகத்தை முற்றாகத் தணிப்பானாயின், படகைத் திருப்பும் ஆற்றலையும் உடன் இழக்கின்றான். தரையூர்திக்குள்ளது போன்ற தடுப்பும் படகுக்கு இல்லை. இவ்விரண்டையும் கருதின், திருப்புறுப்பில் உண்டாகும் தளர்ச்சி வெறும் இடையூறன்று, உயிரோடு தொடர்புடையது என்பது தெளிவாகும்.

விசை செல்லும் வழி

குறையை நாடுவதற்கு முன்னர் உறுப்புகளின் தொடர்ச்சியை அறிதல் வேண்டும். செலுத்துவோன் வளையத்தைத் திருப்பும்போது, அதனடியிலுள்ள பற்சில்லுப் பெட்டி ஒரு கம்பிவடத்தைத் தள்ளவோ இழுக்கவோ செய்கின்றது. அவ்வடம் படகின் பின்புறஞ் சென்று, எண்ணெயழுத்தத்தின் துணைகொண்ட அமைப்பாயின் ஒரு வால்வை அசைக்கின்றது. வால்வு திறக்க, அழுத்த உருளை இயங்கித் திருப்புக்கையைத் தள்ளுகின்றது. அக்கை ஒரு நிமிர்ந்த தண்டின் தலையில் இறுகப் பொருந்தியுள்ளது. அத்தண்டு பின்பலகையின் உறையினூடே வெளியே வந்து, ‘கிம்பல் வளையம்’ எனப்படும் உலோக வளையத்தின் மேற்பகுதியில் நுழைகின்றது. வளையத்தின் கீழ்ப்பகுதியை மற்றோர் ஆணி தாங்குகின்றது. இந்த மேல் தண்டையும் கீழ் ஆணியையும் அச்சாகக் கொண்டு வளையம் இடமும் வலமும் திரும்பும்.

வளையத்தினுள்ளே இரு பக்கத்துக் கிடையாணிகளில் மணிவடிவான உறை ஒன்று தொங்குகின்றது. வெளிக்கூறு அவ்வுறையுடன் போல்ட்டுகளாற் பிணைக்கப்பட்டுள்ளது. கிடையாணிகளின் பயன், வெளிக்கூறு மேலும் கீழுமாகச் சாய்வதற்கு இடமளித்தல். இவ்வாறு ஒரே கூறு இரு அச்சுகளில் அசையுமாறு அமைந்ததே கிம்பல் முறையின் சிறப்பு.

இயந்திரத்தின் ஆற்றல் செல்லும் வழியோ வேறு. கிடைத்தண்டு ஒன்று, கிம்பல் பெயாரிங்கினூடே சென்று, இரு குறுக்குமூட்டுகளின் துணையால் வெளிக்கூறு திரும்பும்போதும் ஆற்றலைக் கடத்துகின்றது. அம்மூட்டுகளை நீர் தீண்டாதவாறு இரப்பர்த் துருத்தி ஒன்று மூடி நிற்கின்றது. திருப்பும் வழியும் ஆற்றல் செல்லும் வழியும் வெவ்வேறு என்பதை மனத்திற் கொள்ளாமையே பல தவறான தீர்ப்புகளுக்குக் காரணம்.

சிறு தேய்வு பெருகித் தோன்றுதல்

பழுது பார்ப்போர் சிலர் விசிறியருகே காணும் அசைவைக் கண்டு பெரிதும் அஞ்சுவர். வேறு சிலர் ஆணியருகே காணும் இடைவெளியை அற்பமென்று தள்ளுவர். இரண்டும் கணிதத்தை மறந்த நிலைகள். உதாரணமாக, நிமிர்ந்த தண்டின் நடுவிலிருந்து 12 மில்லிமீற்றர் தூரத்தில் அது வளையத்தைப் பற்றுகின்றது எனவும், அங்கே தேய்வினால் 0.2 மில்லிமீற்றர் இடைவெளி உண்டாயிற்று எனவும் கொள்க. அந்நடுவிலிருந்து 480 மில்லிமீற்றர் பின்னே, வெளிக்கூற்றின் கடைக்கோடியில் அசைவை அளப்பின், தூரம் நாற்பது மடங்காதலின் அசைவும் நாற்பது மடங்காகும். அஃதாவது 8 மில்லிமீற்றர். கண்ணுக்குப் புலனாகாத தேய்வு, கையாற் பற்றி ஆட்டத்தக்க தளர்ச்சியாகத் தோன்றுவது இவ்வாறே.

இதிலிருந்து இரு முடிபுகள் பெறப்படும். ஒன்று, அசைவை எவ்விடத்தில் அளந்தனர் என்று கூறாது அளவை மட்டுங் கூறுதல் பொருளற்றது. மற்றொன்று, தேய்வு தன்னைத்தானே வளர்க்கும் இயல்புடையது. இடைவெளி உண்டானதும் விசிறியின் அதிர்வும் அலையின் மோதலும் வெளிக்கூற்றை இருபுறமும் சம்மட்டிபோல் அடிக்கச் செய்கின்றன. ஒவ்வோர் அடியும் இடைவெளியைப் பெருக்குகின்றது. பெருகிய இடைவெளி அடியை வலுப்படுத்துகின்றது.

ஆராயும் ஒழுங்கு

மருத்துவன் முதலில் நோயையும், பின் அதன் காரணத்தையும், அதன்பின் தணிக்கும் வழியையும் நாடவேண்டுமென வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் வகுத்தார். இயந்திரத்துக்கும் அவ்வொழுங்கே பொருந்தும். தளர்ச்சி உண்டு என்பது நோய். எந்த மூட்டில் உண்டு என்பது காரணம். அதனை அறியாமல் உறுப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றுவது, பணத்தையும் காலத்தையும் வீணாக்கி இறுதியில் நோயை எஞ்சவிடுவதாகும். திருப்புக்கையையும் நிமிர்ந்த தண்டையும் மாற்றுதற்குப் பல படகுகளில் இயந்திரத்தையே கழற்ற வேண்டியிருப்பதால், இத்தவறு மிகுந்த செலவை விளைவிக்கும்.

படகைத் தரைக்குக் கொணர்ந்து, அசையாதவாறு நிறுத்தி, இயந்திரத்தை நிறுத்திச் சாவியை எடுத்துவிடல் வேண்டும். வெளிக்கூறு தாழ்ந்து நேராக இருத்தல் வேண்டும். இச்சோதனைக்கு இருவர் தேவை. ஒருவர் வெளியே நின்று வெளிக்கூற்றின் பின்புறத்தைப் பற்றி, மெதுவாக இடமும் வலமும் ஆட்டுவார். மற்றவர் படகினுள்ளே விளக்கொளியில் திருப்புக்கையின்மேல் விரல் வைத்து, அதன் அசைவை உணர்வார். பின்னர் காண்பவற்றைப் பின்வருமாறு பகுத்தறியலாம்.

வெளிக்கூறு அசையுந்தோறும் திருப்புக்கையும் அதே அளவில் உடன் அசையுமாயின், தண்டும் வளையமும் பழுதற்றவை; தளர்ச்சி கைக்கு முன்னே, அஃதாவது உருளையின் இணைப்பாணியிலோ, வால்விலோ, கம்பிவடத்திலோ, வளையத்தடிப் பெட்டியிலோ உள்ளது. திருப்புக்கை அசையாது நிற்க, தண்டு மட்டும் அசையுமாயின், கையும் தண்டும் பொருந்துமிடம் தளர்ந்துள்ளது. கையும் தண்டும் அசையாது நிற்க, கிம்பல் வளையம் அசையுமாயின், தண்டு வளையத்தைப் பற்றும் துளை தேய்ந்துள்ளது. வளையமும் அசையாது நிற்க, மணிவடிவ உறையும் வெளிக்கூறும் மட்டும் அசையுமாயின், கிடையாணிகளும் அவற்றின் புஷ்களும் தேய்ந்துள்ளன.

இவ்வேறுபாடுகளைக் கண்ணால் மட்டும் அறிவது கடினமாகலாம். அதற்கு எளியதோர் உபாயம் உண்டு. இரண்டு உறுப்புகள் பொருந்துமிடத்தில் அவற்றின் குறுக்கே சுண்ணக்கட்டியாலோ வண்ணத்தாலோ நேர்கோடொன்று இட்டு, வெளிக்கூற்றை ஆட்டுக. கோடு எங்கே முறிந்து விலகுகின்றதோ அங்கே தளர்ச்சி உள்ளது.

அடுத்து, வெளிக்கூற்றைப் பக்கவாட்டிலன்றி மேல்நோக்கித் தூக்கியும், பின்னோக்கி இழுத்தும் பார்த்தல் வேண்டும். அப்பொழுது வளையம் மேலெழுந்து தாழுமாயின், அல்லது தலைப்பகுதி சாயுமாயின், தண்டைத் தாங்கும் புஷ்களோ கீழாணியோ தேய்ந்துவிட்டன. இவ்வகைத் தேய்வுக்கு மற்றொரு சான்றுமுண்டு. தண்டு சாய்ந்தாடும்போது அதனைச் சூழ்ந்த சீல் பழுதுற்று, நீர் படகினுட் கசியும். திருப்புக்கையின்மேலும் பின்பலகையின் உட்புறத்திலும் துருக்கோடு வழிந்திருப்பதைக் கண்டால், அக்குறையை ஐயுறலாம்.

குறைபோலத் தோன்றுபவை

தளர்ச்சியல்லாதவற்றைத் தளர்ச்சியெனக் கொள்ளாதிருத்தலும் ஆராய்ச்சியின் ஒரு பகுதியே. எண்ணெயழுத்தத் துணையுள்ள படகில், இயந்திரம் நின்றிருக்கும்போது வால்வு தன் இயல்பான சிறு வழியளவு அசையும். அவ்வசைவு வெளிக்கூற்றிலும் தோன்றும். அது தேய்வன்று, அமைப்பின் இயல்பு. திருப்புக்கையைக் கவனியாதவர் இதனைக் கண்டு வளையம் தேய்ந்ததெனத் தீர்ப்பளிப்பர்.

மெதுவாகச் செல்லும்போது படகின் அணியம் இடமும் வலமும் அலைவதும் அத்தகையதே. பின்புறச் செலுத்தி பொருந்திய படகுகளின் அடிவடிவத்தால் குறைந்த வேகத்தில் இவ்வலைவு பொதுவாகக் காணப்படும். வேகம் கூடி, படகு நீர்மேலெழுந்து செல்லும்போதும் அலைவு நீடித்தால், அல்லது வளையத்தில் நடுக்கம் தோன்றினால், அப்பொழுதே தேய்வை ஐயுறுதல் தகும்.

படகு எப்போதும் ஒரு பக்கமாகவே இழுத்தலும் தளர்ச்சியன்று. தளர்ச்சி இருபுறமும் ஒத்தது. இழுவை ஒருபுறம் சார்ந்தது. விசிறியின் சுழற்சியால் எழும் திருப்பத்தை ஈடுசெய்தற்கு, பல செலுத்திகளில் விசிறிக்கு மேலே சிறு தகடொன்று உண்டு. அது முறையாகத் திருத்தப்படாவிடின் இவ்விழுவை தோன்றும். வெளிக்கூற்றின் சாய்வை மாற்றினாலும் இழுவை வேறுபடும்.

திருப்பும்போது எழும் இரைச்சலும் வேறொரு குறையின் அடையாளமாகும். கிம்பல் பெயாரிங் தேய்ந்தால் உறுமலும், குறுக்குமூட்டுகள் தேய்ந்தால் தட்டலும் கேட்கும். இவை ஆற்றல் செல்லும் வழியைச் சார்ந்தவையாதலின், திருப்புத் தளர்ச்சியை உண்டாக்குவதில்லை. ஆயினும் இவற்றை அலட்சியஞ் செய்தல் கூடாது. பெயாரிங் துருப்பிடித்ததாயின் இரப்பர்த் துருத்தி வெடித்து நீர் புகுந்திருக்கலாம். துருத்தி கிழிந்த படகு, கட்டியிருந்த இடத்திலேயே நீர் நிரம்பி மூழ்கவுங் கூடும்.

இறுதியாக, திருப்புதல் கடினமாதல். இது தளர்ச்சிக்கு நேரெதிரான குறை. கம்பிவடத்தைப் பின்புறத்திலே கழற்றிவிட்டு வெளிக்கூற்றைக் கையால் திருப்பிப் பார்த்தல் வேண்டும். அஃது எளிதாகத் திரும்பின் குறை வடத்திலுள்ளது. வடத்தினுள் கிறீஸ் இறுகியோ துரு ஏறியோ இருக்கும். எளிதாகத் திரும்பாவிடின் நிமிர்ந்த தண்டு இறுகியுள்ளது. கடினத்தை வலிந்து வெல்ல முயல்பவன் நாளடைவில் வளையத்தடிப் பெட்டியையும் தேய்த்துவிடுகின்றான்.

காரணங்களும் காப்பும்

தேய்வின் முதற்காரணம் கிறீஸ் இன்மை. தண்டின் புஷ்களுக்குக் கிறீஸ் செலுத்தும் முனைகள் உள்ள அமைப்புகளில், அவை மறைவிடத்திலிருப்பதால் பெரிதும் மறக்கப்படுகின்றன.

இரண்டாவது காரணம் மின்னிரசாயன அரிப்பு. அலுமினிய வளையமும் துருவுறா உருக்குத் தண்டும் நீரில் ஒருங்கே நிற்கும்போது, அவை ஒரு மின்கலத்தின் இரு தகடுகள்போலாகி, அலுமினியம் அரிக்கப்படுகின்றது. இதனைத் தடுப்பதற்கென அதனினும் எளிதில் அரிபடும் உலோகத்துண்டுகள் வெளிக்கூற்றிற் பொருத்தப்படுகின்றன. கடல்நீருக்குத் துத்தநாகமோ அதற்கென ஆக்கிய அலுமினியக் கலவையோ ஏற்றது. நீர்த்தேக்கங்களின் நன்னீருக்கு மகனீசியம் ஏற்றது. நன்னீரில் துத்தநாகத்தின்மேல் படலம் படிந்து அதன் காவல் குன்றும். கடல்நீரில் மகனீசியம் விரைவிற் கரைந்துவிடும். எனவே திருகோணமலைக் கடலிலிருந்து மாத்தளை மாவட்ட நீர்த்தேக்கமொன்றுக்குக் கொணரப்படும் படகுக்கு, இத்துண்டுகளையும் மாற்றுதல் வேண்டும்.

மூன்றாவது காரணம் நீரிலன்றித் தரையிலே நிகழ்வது. படகை ட்ரெயிலரில் ஏற்றி மலைவீதியிற் கொண்டுசெல்லும்போது, வெளிக்கூறு மேலே சாய்த்து வைக்கப்படும். அதற்கு உறுதியான முட்டு இல்லாவிடின், அதன் முழுப் பாரமும் குழிதோறும் கிடையாணிகளையும் புஷ்களையும் அடிக்கும். நீரில் ஒரு பருவத்தில் உண்டாகாத தேய்வு, செப்பனிடாத வீதியில் சில பயணங்களிலே உண்டாகலாம்.

பழுதைத் திருத்துவதிலும் ஒரு நெறியுண்டு. வளையம் தண்டைப் பற்றும் இடத்தை இறுக்குவதற்குப் போல்ட் உள்ள அமைப்புகளில், முதலில் அதனை உரிய அளவுக்கு இறுக்கிப் பார்க்கலாம். வளையத்தின் பிளவு முற்றாக ஒட்டிய பின்னரும் அசைவு நீங்காவிடின், துளை தேய்ந்து முடிந்தது என்பது பொருள். அந்நிலையில் தண்டையும் வளையத்தையும் ஒருங்கே மாற்றுதலே தக்கது. தேய்ந்த துளையிற் புதிய தண்டை நுழைப்பது, புதிய தண்டையும் தேய்ப்பதற்குச் செய்யும் ஏற்பாடாகும். இடைவெளியில் தகடு செருகுவதும், ஒட்டவைப்பதும் பிளவைக் கண்ணுக்கு மறைக்குமேயன்றி, விசையைத் தாங்கமாட்டா.

ஏனைய படகுகளுக்கும் இம்முறை

மேற்கூறிய ஒழுங்கு பின்புறச் செலுத்திக்கு மட்டும் உரியதன்று. வெளிப்பொறியில், பொறியைத் திருப்பும் நிமிர்ந்த குழலின் புஷ்களும், வடத்தைப் பொறியோடு இணைக்கும் கோலின் முனைகளும் தேயும். பொறியை ஆட்டும்போது கோல் அசைகின்றதா, குழல் அசைகின்றதா என்று பிரித்தறிதல் வேண்டும். சுக்கானில், அதன் தண்டைத் தாங்கும் புஷ்ஷும், தண்டின் தலையிலுள்ள கையும், அக்கைக்குச் செல்லும் சங்கிலியோ வடமோ தேயும். சுக்கான் தகட்டை ஒருவர் ஆட்ட, மற்றொருவர் மேலே தண்டின் தலையைக் கவனித்தல் வேண்டும். அமைப்பு எதுவாயினும் விதி ஒன்றே: ஒரு முனையை ஆட்டி, அசைவு எந்த மூட்டைக் கடந்து செல்லவில்லை என்று காண்க, அம்மூட்டே குறையுள்ள இடம்.

எவ்வளவு தளர்ச்சி பொறுக்கத்தக்கது என்பதை அவ்வவ்வமைப்புக்குரிய பணிநூலே கூறும். பொதுவானதோர் எண் இல்லை. ஆயினும் ஒவ்வோர் ஆண்டும் ஒரே இடத்தில், ஒரே முறையில் அளந்து குறித்து வைப்பவர், அவ்வெண்ணினும் பயனுள்ள ஒன்றைப் பெறுகின்றார். பல ஆண்டுகளாக மாறாது நிற்கும் 5 மில்லிமீற்றரைக் காட்டிலும், ஓராண்டில் இரண்டிலிருந்து நான்காக வளர்ந்த தளர்ச்சியே அஞ்சத்தக்கது. நிமிர்ந்த தண்டு முறிந்தாலோ கீழாணி நழுவினாலோ, நீரின் நடுவே, வேகத்தில், மற்றவரையும் ஏற்றிச் செல்லும் வேளையிலேயே அது நிகழும். அவ்வேளையில் திருத்துதற்கு வழியில்லை. கரையில் இருவர் நின்று, ஒரு கோடிட்டு, பத்து நிமிடம் ஆட்டிப் பார்த்திருந்தால் அது முன்னரே அறியப்பட்டிருக்கும். அப்பத்து நிமிடத்தைப் படகிலேறும் ஒவ்வோர் உயிருக்கும் உரிய கடனாகக் கொள்ளுதல் படகுடையோர்க்குத் தகும்.